அஞ்சு எழுத்து கையில் இருக்கு, சொல் எங்கே?

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். படிப்பதற்கு வசதியாகச் சில இடங்களில் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரு சின்னப் புதிரோட ஆரம்பிக்கலாம். உங்களுக்கு அஞ்சு ஆங்கில எழுத்து தர்றேன். எஸ், எம், ஐ, எல், ஈ. இந்த அஞ்சையும் பயன்படுத்தி, ஒண்ணும் மிச்சம் வைக்காம, எத்தனை ஆங்கிலச் சொல் எழுத முடியும்?

"ஸ்மைல்" உடனே வந்திருக்கும். கொஞ்சம் யோசிச்சா "மைல்ஸ்" வரும். எலுமிச்சையை நினைச்சா "லைம்ஸ்". இன்னும் கொஞ்சம் முட்டினா "ஸ்லைம்", அதாவது வழுவழுன்னு இருக்கிற சேறு. நாலு சொல் ஆச்சு. இதையே ஒரு கைபேசியில் கேட்டால் கண் இமைக்கிறதுக்குள்ள பட்டியல் வந்துடும்.

இப்போ வேற ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. உங்க வீட்டில் ஒரு தடிமனான ஆங்கில அகராதி இருக்கு. இந்த நாலு சொல்லும் அதுக்குள்ளதான் இருக்கு. ஆனா இந்த அஞ்சு எழுத்தை வைத்துக்கொண்டு அந்த அகராதியைத் திறந்தால் அது உங்களுக்கு உதவுமா? உதவாது. இரண்டு சொல் எஸ் பக்கத்தில் இருக்கும், ஒன்று எம் பக்கத்தில், ஒன்று எல் பக்கத்தில். சொல் தெரிந்தால் பொருள் சொல்லும். எழுத்தைக் காட்டி "சொல் என்ன?" என்று கேட்டால் கையை விரித்துவிடும்.

ஒரு பட்டியலை எப்படி அடுக்கி வைத்திருக்கிறோமோ, அந்த ஒரு கேள்விக்குத்தான் அது பதில் சொல்லும். வேறு கேள்வி கேட்க வேண்டுமென்றால், முழுப் பட்டியலையும் கலைத்துவிட்டு மறுபடி அடுக்க வேண்டும். ஆங்கிலச் சொற்களை இப்படி மறுபடி மறுபடி அடுக்கியவர்களின் வரலாறுதான் இன்றைய எபிசோட். இவர்கள் எல்லாரும் ஒரு விஷயத்தைச் செய்தாக வேண்டியிருந்தது: சொல்லை எழுத்தாகப் பார்க்க, அதன் பொருளைக் கொஞ்ச நேரம் மறக்க வேண்டும். அந்த மறதி எவ்வளவு தூரம் போகலாம் என்பதில் பின்னால் பெரிய சண்டையே நடந்தது. அதற்கும் வருவோம்.

அகரவரிசையைக் கற்றுக்கொடுத்த அகராதி

1604. லண்டன். ராபர்ட் காட்ரி என்று ஒரு பள்ளி ஆசிரியர். ஆங்கிலச் சொல்லுக்கு ஆங்கிலத்திலேயே பொருள் சொல்லும் முதல் அகராதி என்று இவருடைய புத்தகத்தைத்தான் சொல்கிறார்கள். சுமார் 2,500 சொற்கள். எல்லாம் லத்தீன், கிரேக்கம், பிரெஞ்சு வழியாக வந்த கடினமான சொற்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், முன்னுரையில் அவர் வாசகருக்கு ஒரு பாடம் நடத்துகிறார். இந்தப் புத்தகம் உனக்குப் பயன்பட வேண்டுமானால், முதலில் எழுத்துகளின் வரிசையைப் பார்க்காமல் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். உன் சொல் ஏ-யில் தொடங்கினால் புத்தகத்தின் ஆரம்பத்தில் தேடு, வி-யில் தொடங்கினால் கடைசிப் பக்கமாகப் போ. இந்த அளவுக்கு விளக்குகிறார். நமக்கு இது மூச்சு விடுவது போல இயல்பாக இருக்கு. ஆனால் அந்தக் காலத்தில் பல சொற்பட்டியல்கள் பொருள் வாரியாக இருந்தன. பறவைகள் ஓரிடம், நோய்கள் ஓரிடம், சமையல் ஓரிடம். அப்படி அடுக்குவதுதான் அறிவுள்ள முறை என்று தோன்றும், இல்லையா? பக்கத்துப் பக்கத்துச் சொற்களுக்குள் ஓர் உறவு இருக்கும். அகரவரிசையில் அப்படி எந்த உறவும் கிடையாது. முதல் எழுத்து ஒன்று என்பதைத் தவிர வேறு எந்தச் சம்பந்தமும் இல்லாத சொற்கள் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும். அகரவரிசை என்பதே பொருளை மறப்பதில் முதல் படி.

ஆனா காட்ரிக்கும் முன்னாடியே ஒருத்தர் இன்னும் விசித்திரமான ஒன்றைச் செய்திருந்தார். பீட்டர் லெவின்ஸ். 1570-இல் அவர் வெளியிட்ட ஆங்கில-லத்தீன் அகராதியில் சொற்கள் கடைசி அசையை வைத்து அடுக்கப்பட்டிருந்தன. முடிவு ஒன்றாக இருக்கும் சொற்கள் எல்லாம் ஓரிடத்தில். காரணம் எளிது. ஆங்கிலக் கவிதையில் இயைபு அடியின் கடைசியில் வரும். கவிஞனுக்குச் சொல்லின் வால்தான் முக்கியம், தலை இல்லை.

இரு நூற்றாண்டு கழித்து, 1775-இல், ஜான் வாக்கர் இதை ஒரு கச்சிதமான முறையாக்கினார். வாக்கர் முன்னாள் நடிகர், பிறகு உச்சரிப்பு ஆசிரியர். அவர் ஒவ்வொரு சொல்லையும் பின்னாலிருந்து முன்னால் படித்து, அந்த வரிசையில் அடுக்கினார். கடைசி எழுத்து முதலில், அதற்கு முந்தையது அடுத்து. அவருடைய அகராதி இயைபு அகராதி என்ற பெயரில் நூற்றாண்டுகளைத் தாண்டியும் அச்சில் இருந்தது.

தமிழ் தெரிந்த நமக்கு இது புதிதில்லை. நம்முடைய செய்யுளில் எதுகை இரண்டாம் எழுத்தில் வரும். அதனால் நம் பழைய நிகண்டுகளில் சில பகுதிகள் எதுகை வரிசையில் அமைந்தன. இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் 1732-இல் சதுரகராதி செய்தபோது, பெயர், பொருள், தொகை என்ற மூன்று பிரிவோடு நிறுத்தவில்லை. நான்காவதாகத் தொடை அகராதி என்று ஒன்றைச் சேர்த்தார். எதுகைக்குச் சொல் தேடுபவருக்காக. லெவின்ஸுக்கும் வாக்கருக்கும் இடைப்பட்ட காலம் அது. அங்கே கடைசி எழுத்து, இங்கே இரண்டாம் எழுத்து. பிரச்சினை ஒன்றுதான்: எழுத்து தெரியும், சொல் வேண்டும்.

கட்டங்கள் வந்த பிறகு

1913 டிசம்பர் 21. நியூயார்க் வேர்ல்ட் பத்திரிகையின் ஞாயிறு இணைப்பில் ஆர்தர் வின் ஒரு புதிரைப் போட்டார். வைர வடிவத்தில் கட்டங்கள். உலகத்தின் முதல் குறுக்கெழுத்து என்று பொதுவாக இதைத்தான் சொல்வார்கள்.

இது அகராதியிடம் யாரும் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டது. ஏழு எழுத்துச் சொல், மூன்றாவது எழுத்து வி, ஆறாவது எழுத்து ஈ. மற்றதெல்லாம் காலி. முதல் எழுத்தும் தெரியாது, கடைசியும் தெரியாது. காட்ரியும் உதவ மாட்டார், வாக்கரும் உதவ மாட்டார்.

1924-இல் சைமன் அண்ட் ஷூஸ்டர் என்ற புத்தம்புது பதிப்பகம் தன் முதல் புத்தகமாகக் குறுக்கெழுத்துத் தொகுப்பைப் போட்டது. கூடவே ஒரு பென்சில் இலவசம். அமெரிக்காவுக்கே பித்துப் பிடித்தது. ரயிலில் பயணிகளுக்காக அகராதி வைத்தார்கள். நியூயார்க் பொது நூலகத்தில், புதிர்க்காரர்கள் அகராதிகளை மொய்ப்பதால் படிக்க வருகிறவர்களுக்கு இடமில்லை என்று புகார் எழுந்தது. பிறகு குறுக்கெழுத்துக்கென்றே தனி அகராதிகள் வந்தன. மூன்றெழுத்துச் சொற்கள் ஒரு பகுதி, நாலெழுத்துச் சொற்கள் ஒரு பகுதி என்று நீளத்தை வைத்து அடுக்கியவை.

இதே வேலை, இதே காலத்தில், விளையாட்டே இல்லாத ஓர் இடத்திலும் நடந்தது. ரகசியச் செய்திகளை உடைக்கும் ராணுவப் பிரிவுகளில். அமெரிக்காவின் வில்லியம் ஃப்ரீட்மன் எழுதிய பயிற்சி நூல்களின் பின்னிணைப்பில் சொற்பட்டியல்கள் உண்டு. ராணுவச் செய்திகளில் வரும் சொற்கள், நீளப்படியும், எழுத்துகளின் அமைப்புப்படியும் அடுக்கப்பட்டவை.

அமைப்பு என்றால் என்ன? "ரிவர்" என்ற சொல்லை எடுங்க. ஆர், ஐ, வி, ஈ, ஆர். முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் ஒன்று, நடுவில் மூன்றும் வேறு வேறு. எதிரி ஒவ்வொரு எழுத்தையும் வேறொரு எழுத்தாக மாற்றி அனுப்பினால், எழுத்துகள் மாறும், இந்த அமைப்பு மாறாது. ரகசியச் செய்தியில் எக்ஸ், கே, எம், ஸெட், எக்ஸ் என்று ஒரு துண்டு இருந்தால், அந்த அமைப்புள்ள பட்டியலைப் பார்த்து "ரிவர்" ஆக இருக்குமோ என்று முயன்று பார்க்கலாம். அந்தத் தேடலின் முடிவில் இருப்பது ஒரு படையின் நகர்வு, சில ஆயிரம் பேரின் உயிர்.

1942 ஜனவரியில் லண்டன் டெய்லி டெலிகிராஃப் பத்திரிகை ஒரு குறுக்கெழுத்துப் போட்டி வைத்தது. 12 நிமிடத்துக்குள் முடிக்க முடியுமா என்பது சவால். கலந்துகொண்ட சிலருக்குப் பிறகு அரசிடமிருந்து அழைப்பு வந்தது. ப்ளெட்ச்லி பார்க்கில் ஜெர்மன் ரகசியக் குறிகளை உடைக்கும் வேலைக்கு. எழுத்திலிருந்து சொல்லைத் தேடும் திறமையை ஓர் அரசாங்கம் ஆள் சேர்க்கும் தகுதியாகப் பார்த்த தருணம் அது.

வேலை போன கட்டடக் கலைஞர்

இப்போ கொஞ்சம் பின்னால் போகணும். 1931, நியூயார்க். பெரும் பொருளாதார மந்தம். ஆல்ஃபிரட் மோஷர் பட்ஸ் என்ற கட்டடக் கலைஞருக்கு வேலை போய்விட்டது. கையில் நேரம் நிறைய இருந்தது, பணம் இல்லை. ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்து விற்கலாம் என்று உட்கார்ந்தார்.

எழுத்துச் சில்லுகளை எடுத்துச் சொல் அமைக்கும் விளையாட்டு. அதில் ஒரு சிக்கல். எந்த எழுத்தில் எத்தனை சில்லு வைப்பது? எல்லா எழுத்திலும் சமமாக வைத்தால் கையில் க்யூவும் ஸெட்டும் எக்ஸும் குவியும், சொல்லே அமையாது. பட்ஸ் என்ன செய்தார் என்றால், நியூயார்க் டைம்ஸ் மாதிரியான பத்திரிகைப் பக்கங்களை எடுத்து, ஒவ்வொரு எழுத்தும் எத்தனை தடவை வருகிறது என்று கையால் எண்ணினார். செய்தி என்ன என்பது அவருக்கு முக்கியமில்லை. அதில் எத்தனை ஈ இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

அந்தக் கணக்கு இன்றைக்கும் ஸ்கிராபிள் பையில் இருக்கு. மொத்தம் 100 சில்லுகள், அதில் ஈ மட்டும் 12. க்யூ ஒன்று, ஸெட் ஒன்று, ஒவ்வொன்றுக்கும் 10 புள்ளி. ஆனால் எஸ் எழுத்தில் மட்டும் அவர் கணக்கை மீறினார். ஆங்கிலத்தில் எஸ் அடிக்கடி வரும் எழுத்து. அப்படியே வைத்தால் எல்லாரும் பெயர்ச்சொல்லின் பின்னால் ஓர் எஸ் ஒட்டிப் பன்மையாக்கிப் புள்ளி அள்ளிக்கொண்டே இருப்பார்கள். அதனால் நாலே நாலு எஸ்.

விளையாட்டு நிறுவனங்கள் அவரைத் திருப்பி அனுப்பின. பெயரையும் விதிகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். 1948-இல் ஜேம்ஸ் புருனோ என்பவர் உரிமையை வாங்கி, ஸ்கிராபிள் என்று பெயர் வைத்தார். 1949-இல் 2,400 பெட்டிகள் செய்து 450 டாலர் நஷ்டப்பட்டார். 1952-க்குப் பிறகுதான் விற்பனை எகிறியது. பட்ஸுக்கு ஒவ்வொரு பெட்டிக்கும் சில காசுகள் பங்கு வந்தது, அவ்வளவுதான். மறுபடி கட்டடக் கலைஞராகவே வேலை பார்த்தார்.

தலைகீழாகத் தட்டச்சு செய்த அட்டைகள்

அடுத்து வருவதுதான் எனக்கு இந்த வரலாற்றிலேயே ரொம்பப் பிடித்த இடம். அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்ட் என்ற ஊர். மெரியம் வெப்ஸ்டர் அகராதி அலுவலகம். அங்கே சிறு அட்டைகள் அடுக்கிய இழுப்பறைகள் இருக்கின்றன. சுமார் 3,15,000 அட்டைகள். ஒவ்வொரு அட்டையிலும் ஓர் ஆங்கிலச் சொல், கடைசி எழுத்திலிருந்து முதல் எழுத்து வரை, தலைகீழாகத் தட்டச்சு செய்யப்பட்டிருக்கும். "ஸ்மைல்" என்றால் ஈ, எல், ஐ, எம், எஸ்.

இது 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வேலை. கணினி கைக்கு வராத காலம். அகராதி ஆசிரியருக்கு ஒரு கேள்வி வரும்: "ஓலஜி" என்று முடியும் அறிவியல் சொற்கள் எத்தனை? சைக்காலஜி, ஜியாலஜி, இன்னும் எவை விட்டுப்போயின? எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி விளக்கம் எழுதியிருக்கிறோமா? முன்வரிசை அகராதியில் இதைத் தேட முழுப் புத்தகத்தையும் வரி வரியாகப் படிக்கணும். தலைகீழ் அட்டையில் ஒய், ஜி, ஓ, எல், ஓ என்ற இழுப்பறையைத் திறந்தால் போதும். அத்தனையும் வரிசையாக நிற்கும்.

வாக்கர் 1775-இல் செய்த அதே தந்திரம். ஆனால் யாரோ சிலர் தட்டச்சு இயந்திரத்தின் முன் உட்கார்ந்து, மூன்று லட்சத்துக்கும் மேலான சொற்களை, பிழையில்லாமல், பின்னாலிருந்து முன்னால் அடித்திருக்கிறார்கள். செய்து பாருங்க, பத்துச் சொல்லுக்கு மேல் தலை சுற்றும். படித்துப் பொருள் புரிந்துவிட்டால் விரல் முன்பக்கமாக ஓடிவிடும். சொல்லைச் சொல்லாகப் பார்க்காமல் இருந்தால்தான் அந்த வேலையைச் செய்ய முடியும். ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும் என்பதற்காக மனிதர்கள் கொடுத்த விலை அது.

இந்தப் பக்கம் அடுக்கு, அப்புறம் அந்தப் பக்கம்

1970-களில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம். யூனிக்ஸ் உருவான இடம். அங்கே லீ மெக்மேஹன் என்ற ஆய்வாளர், பெடரலிஸ்ட் கட்டுரைகளை யார் யார் எழுதினார்கள் என்று கண்டுபிடிக்க முயன்றுகொண்டிருந்தார். அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தை ஆதரித்து 1787, 1788-இல் வந்த 85 கட்டுரைகள் அவை. அந்த உரையை அன்றைய திருத்தும் நிரலில் ஏற்ற முடியவில்லை, அவ்வளவு பெரிசு. அவருக்குக் கென் தாம்சன் கொடுத்த தீர்வு க்ரெப் என்ற நிரல். 1973 வாக்கில். நீங்கள் ஓர் எழுத்து அமைப்பைக் கொடுத்தால், அது உள்ள வரிகளை மட்டும் பிடித்துத் தரும்.

இந்த நிரலை ஒரு சொற்பட்டியலின் மேல் ஓட்டினால் என்ன ஆகும்? குறுக்கெழுத்தின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். மூன்றாவது எழுத்து வி, ஆறாவது ஈ, மொத்தம் ஏழு. ஒரே வரிக் கட்டளை. கலைத்து அடுக்க வேண்டிய வேலையே இல்லை. முழுப் பட்டியலையும் ஒவ்வொரு முறையும் படிக்கும் பொறுமை இயந்திரத்துக்கு இருக்கு.

ஆனால் நம் முதல் புதிர் வேறு மாதிரி. அஞ்சு எழுத்து, எந்த வரிசையிலும் வரலாம். எஸ், எம், ஐ, எல், ஈ என்ற ஐந்தை 120 விதமாக வரிசைப்படுத்தலாம். ஏழு எழுத்து என்றால் 5,040. எழுத்து கூடக் கூட எண்ணிக்கை மலைபோல ஏறும். ஒவ்வொன்றாக அகராதியில் தேடுவது முட்டாள்தனம்.

இதற்கான அழகான விடையைப் பெல் ஆய்வுக்கூடத்தின் ஜான் பென்ட்லி நிரலாளர்களுக்காக எழுதிய ஒரு புத்தகத்தில் விளக்கினார். அதன் சாரத்தை அவருடைய சக ஊழியர் டாம் கார்கில் கைசைகையிலேயே சொன்னாராம். கையைக் கிடைமட்டமாக வீசி, "முதல்ல இப்படி அடுக்கு". பிறகு மேலிருந்து கீழே வீசி, "அப்புறம் இப்படி அடுக்கு". அவ்வளவுதான்.

புரியலையா? பாருங்க. ஒவ்வொரு சொல்லின் எழுத்துகளையும் அகரவரிசையில் மாற்றி எழுதுங்க. "ஸ்மைல்" என்பது ஈ, ஐ, எல், எம், எஸ் ஆகும். "ஸ்லைம்"? அதுவும் ஈ, ஐ, எல், எம், எஸ். "மைல்ஸ்", "லைம்ஸ்" எல்லாவற்றுக்கும் அதே முத்திரை. இது கிடைமட்டம். இப்போ முழு அகராதியையும் இந்த முத்திரைப்படி மேலிருந்து கீழே அடுக்குங்க. நாலு சொல்லும் ஒரே இடத்தில் வந்து உட்கார்ந்துவிடும்.

"எல்லா எழுத்தையும் பயன்படுத்த வேண்டாம், கையில் இருக்கிற ஏழில் சில போதும்" என்று ஸ்கிராபிள்காரர் கேட்டால்? ஏழு வேறு வேறு எழுத்துகளைச் சின்னதும் பெரிசுமாக எல்லா வரிசையிலும் முயன்றால் 13,699 தேடல். முத்திரை வழியில் போனால் ஏழு எழுத்தில் எவற்றை எடுப்பது, எவற்றை விடுவது என்று மட்டும் பார்த்தால் போதும். 127 தேடலில் வேலை முடியும்.

1988-இல் ஆண்ட்ரூ ஆப்பல், கய் ஜேக்கப்சன் இருவரும் ஸ்கிராபிள் ஆடும் ஒரு நிரலைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார்கள். அதில் முழு அகராதியும் ஒரு மரம் மாதிரி. ஒரே தொடக்கமுள்ள சொற்கள் ஒரே அடிமரத்தைப் பகிர்ந்துகொள்ளும். அதோடு நிறுத்தவில்லை. ஒரே முடிவுள்ள சொற்கள் ஒரே நுனியையும் பகிர்ந்துகொள்ளும். ஆயிரக்கணக்கான சொற்களின் "இங்" விகுதி நினைவகத்தில் ஒரே இடத்தில். அதனால் அகராதி பல மடங்கு சுருங்கியது. தலைக்குக் காட்ரி, வாலுக்கு வாக்கர், இரண்டும் ஒரே வரைபடத்தில் சேர்ந்த இடம் என்று இதைச் சொல்லலாம்.

தேடும் பிரச்சினை இதோடு முடிந்தது.

பட்டியல் யாருடையது?

இனி மிச்சம் இருந்தது வேறொரு கேள்வி. எந்தப் பட்டியலில் தேடுவது?

யூனிக்ஸ் வழி வந்த பல கணினிகளில் ஒரு சொற்பட்டியல் சும்மா கிடக்கும். 2,34,936 சொற்கள். அது வெப்ஸ்டர் அகராதியின் 1934 பதிப்பிலிருந்து வந்தது. ஏன் 1934? அந்தப் பதிப்பின் காப்புரிமை காலாவதியாகிவிட்டது, அதனால் எடுத்துக்கொண்டார்கள். அவ்வளவுதான் காரணம். கணினிக்கு "ஆங்கிலம்" என்று தெரிந்தது, கணினியே இல்லாத காலத்து ஆங்கிலம்.

ஸ்கிராபிளில் இந்தக் கேள்வி இன்னும் சூடாக இருந்தது. 1978-இல் அதற்கென்று அதிகாரபூர்வ அகராதி வந்தது. பல அகராதிகளைச் சேர்த்துத் தொகுத்தது. அதில் இருந்தால் சொல், இல்லாவிட்டால் இல்லை. பொருள் தெரிய வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது. சிறந்த ஆட்டக்காரர்கள் சொற்களை முத்திரை முத்திரையாக மனப்பாடம் செய்தார்கள். க்யூ, ஐ என்ற ஈரெழுத்துச் சொல்லை வைத்துப் புள்ளி அள்ளுகிறவர்களில் பலருக்கு அது சீனத் தத்துவத்தில் உயிராற்றலைக் குறிக்கும் சொல் என்பது தேவையே இல்லாத தகவல்.

இதன் உச்சம் நைஜல் ரிச்சர்ட்ஸ். நியூசிலாந்தில் பிறந்தவர், மலேசியாவில் வசிப்பவர். ஆங்கில ஸ்கிராபிளில் பலமுறை உலக சாம்பியன். 2015-இல் பெல்ஜியத்தில் நடந்த பிரெஞ்சு மொழிப் போட்டியில் வென்றார். அவருக்குப் பிரெஞ்சு பேசத் தெரியாது. ஒன்பது வாரத்தில் சொற்பட்டியலைப் படித்து மனதில் ஏற்றிக்கொண்டார் என்று செய்திகள் சொல்லின. 2024-இல் ஸ்பானிஷ் மொழியிலும் அதே மாதிரி வென்றார். சொல் என்பது வெறும் எழுத்துக் கூட்டம் என்று வைத்துக்கொண்டால், ஒரு மனிதனால் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு அவரே சாட்சி.

ஆனா எல்லாச் சொல்லும் வெறும் எழுத்துக் கூட்டமா? 1990-களின் தொடக்கத்தில், அந்த அகராதியில் யூதர்களை இழிவுபடுத்தும் ஒரு வசைச்சொல் இருப்பதைப் பார்த்து ஒரு பெண்மணி புகார் எழுப்பினார். விளையாட்டை வைத்திருந்த ஹாஸ்ப்ரோ நிறுவனம் 1994-இல், இனம், மதம், பாலினம் சார்ந்த வசைகளை நீக்கப்போவதாகச் சொன்னது. ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள். பலகையில் சொல்லுக்குப் பொருள் இல்லை, புள்ளி மட்டும்தான் என்பது அவர்கள் வாதம். கடைசியில் ஒரு சமரசம். வீட்டில் ஆடுபவர்களுக்கான அகராதியில் அந்தச் சொற்கள் இருக்காது. போட்டிக்கான பட்டியலில் இருக்கும்.

அந்தச் சமரசம் கால் நூற்றாண்டு தாங்கியது. 2020 மே மாதம் மினியாபோலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்ட் காவலரால் கொல்லப்பட்டார். அந்தக் கோடையில் அதே கேள்வி திரும்ப வந்தது. எதிரே உட்கார்ந்திருக்கும் கறுப்பின ஆட்டக்காரர் முன், அவரை இழிவுபடுத்தும் சொல்லைப் பலகையில் வைத்துவிட்டு "இது வெறும் எழுத்து" என்று சொல்ல முடியுமா? வட அமெரிக்க ஆட்டக்காரர் சங்கம் 200-க்கும் மேற்பட்ட வசைச்சொற்களைப் போட்டிப் பட்டியலிலிருந்து நீக்கியது. எதிர்த்தவர்களும் இருந்தார்கள். வருஷக்கணக்கில் பொருளைப் பார்க்காமல் இருக்கப் பழகிய கண்கள் அவை. அவர்கள் வாதத்தை நான் முழுசாகத் தள்ளிவிடவில்லை. தேட வேண்டுமானால் பொருளை மறக்கத்தான் வேண்டும். ஆனால் கண்டெடுத்த சொல்லை இன்னொரு மனிதர் முன் வைக்கும்போது, பொருள் திரும்ப வந்துவிடுகிறது. அதைத் தடுக்க முடியாது.

தெரியுமா, தெரியாதா?

கடைசியாக ஒரு கதை. 2021-இல் ஜாஷ் வார்டில் என்ற நிரலாளர் வேர்டிலை வெளியிட்டார். ஐந்தெழுத்துச் சொல்லை ஆறு முயற்சியில் கண்டுபிடிக்கணும். ஆங்கிலத்தில் சுமார் 12,000 ஐந்தெழுத்துச் சொற்கள் உண்டு. அத்தனையையும் விடையாக வைத்தால் யாரும் ஆட மாட்டார்கள். பாதிக்கு மேல் கேள்விப்படாத சொற்கள்.

அவற்றை வடிகட்டியது எந்த நிரலும் இல்லை. அவருடைய வாழ்க்கைத் துணை உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லாகப் பார்த்தார். இது எனக்குத் தெரியும், இது தெரியாது. அப்படித்தான் பட்டியல் 2,500 அளவுக்குச் சுருங்கியது. 2022-இல் நியூயார்க் டைம்ஸ் அந்த விளையாட்டை வாங்கியது. பிறகு அவர்களும் அந்தப் பட்டியலிலிருந்து சிலவற்றை எடுத்தார்கள். "அகோரா" மாதிரி பலருக்குத் தெரியாத சொற்கள், மனதைப் புண்படுத்தக்கூடிய சொற்கள்.

ஆல்ஃபிரட் பட்ஸ் எழுத்துகளை எண்ணிய அதே பத்திரிகை அது, கவனிச்சீங்களா? தொண்ணூறு வருஷம் முன்னாடி அந்தப் பக்கங்களைப் பொருள் பார்க்காமல் எண்ணினார் ஒருவர். இப்போது அதே நிறுவனத்தில் ஒருவர் உட்கார்ந்து, இந்தச் சொல்லைக் காலையில் காபியோடு ஒருத்தர் பார்த்தால் அவருக்கு என்ன தோன்றும் என்று யோசிக்கிறார். முத்திரை போட்டுத் தேடும் வேலையை இயந்திரத்திடம் கொடுத்துவிட்டோம். இந்த வேலையை இன்னும் மனிதர்கள்தான் செய்கிறார்கள்.

அடுத்த முறை கைபேசியில் எழுத்துகளைத் தட்டிச் சொல் தேடும்போது, அந்தப் பதில் எந்தப் பட்டியலிலிருந்து வருகிறது என்று ஒரு நிமிஷம் யோசிங்க. "அப்படி ஒரு சொல் இல்லை" என்று அது சொன்னால், அந்தப் பட்டியலில் இல்லை என்றுதான் அர்த்தம்.

எஸ், எம், ஐ, எல், ஈ-யில் ஐந்தாவதாக ஒரு சொல் உங்களுக்குக் கிடைத்தால் எழுதி அனுப்புங்க. எந்த அகராதியில் கண்டீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.